சிங்க்கில் நாற்றம்: மலைவீட்டுச் சமையலறைக்கான கேள்வி பதில்கள்

குன்னூர், கோத்தகிரி, ஊட்டி ஹோம்ஸ்டேக்களிலும் கொடைக்கானல் விடுமுறை வீடுகளிலும் சிங்க்குக்கு அடியில் வேஸ்ட் கிரைண்டர் மாட்டியிருப்பதை இப்போது பார்க்க முடிகிறது. மிச்சம் மீதியை அரைத்துத் தண்ணீரோடு குழாயில் தள்ளிவிடும் மோட்டார் அது. மாட்டிய கொஞ்ச நாளில் "ஒரே நாற்றம்" என்ற புகாரும் வந்துவிடுகிறது. வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கிரைண்டர் இல்லாத சாதாரண சிங்க்குக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் மூக்கை நம்புங்கள். புளித்த மாவு போலவோ அழுகின காய்கறி போலவோ இருந்தால் கிரைண்டருக்குள்ளோ சிங்க் வாயிலோ உணவு தங்கியிருக்கிறது. அழுகின முட்டை வாடை என்றால் அது பெரும்பாலும் சாக்கடைக் காற்று. குழாயில் எங்கோ திறப்பு இருக்கிறது, அல்லது உள்ளே கொழுப்பு படிந்திருக்கிறது. மண்வாடையும் ஈரவாடையும் கலந்து வந்தால் சிங்க்குக்குக் கீழே உள்ள அலமாரியைப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? இரவு படுக்கப் போகுமுன் சிங்க் வாயை மூடி போட்டு அடைத்து, மேலே ஓர் ஈரத்துணியை மடித்து வையுங்கள். காலையில் சமையலறைக்குள் நுழைந்ததும் நாற்றம் இல்லை, துணியை எடுத்ததும் அடிக்கிறது என்றால் பிரச்சினை வாய்க்குள்ளே. அடைத்தும் அடிக்கிறது என்றால் கீழ்க் குழாயிலோ தரையிலோ தேட வேண்டும்.

சில வீடுகளில் கீஸர் தண்ணீரே முட்டை வாடை அடிக்கும். ஒரு டம்ளரில் பிடித்து, சிங்க்கை விட்டுத் தள்ளிப் போய் முகர்ந்து பாருங்கள். அங்கேயும் அடித்தால் சிங்க்கைத் தேய்த்துப் பயனில்லை, கீஸரைத்தான் கழுவ வேண்டும்.

தினமும் தண்ணீர் விட்டுத்தானே ஓட்டுகிறோம். அப்புறம் எப்படி உள்ளே அழுக்கு சேரும்?

உள்ளே கத்தி சுழல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். கத்தி கிடையாது. ஒரு வட்டத் தகடு வேகமாகச் சுழலும். அதன் மேல் உள்ள இரண்டு மொட்டை இரும்புத் துண்டுகள் கழிவைச் சுவரோடு வீசி அடிக்கும். சுவரில் சுற்றிலும் உள்ள சொரசொரப்பான வளையம் அதைத் துருவி விடும். 1927ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ரசீன் என்ற ஊரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் செய்த கருவியிலிருந்து வந்த வடிவம் இது. இன்று வரை அடிப்படை வேலை அதேதான்.

வீசி அடிக்கும்போது சாறும் துணுக்குகளும் மேலே தெறிக்கும். அவை வெளியே வராமல் தடுக்கத்தான் வாயில் இதழ் இதழாக வெட்டிய ரப்பர் மூடி இருக்கிறது. தெறித்ததெல்லாம் அந்த ரப்பரின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து ஊற்றும் தண்ணீர் அங்கே படவே படாது. மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும். இதழைத் தூக்கிப் பார்த்தால் கறுத்த வழவழப்பு. வேஸ்ட் கிரைண்டர் நாறுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் தூக்கிப் பார்க்கச் சொல்லும் இடம் இதுதான். பெரும்பாலும் அங்கேயே விஷயம் முடிந்துவிடும்.

சரி, எப்படிச் சுத்தம் செய்வது?

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். பிளக் இல்லாமல் நேரடியாக வயர் கொடுத்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் வேறு யாரும் போட்டுவிடாதபடி சொல்லிவைப்பதும் அவசியம். கிரைண்டருக்குள் கையை விடவே கூடாது, அணைத்திருந்தாலும் கூடாது. எடுக்க வேண்டியதை இடுக்கியால் எடுங்கள்.

பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். ரப்பர் இதழ்களை ஒவ்வொன்றாக மேலே மடக்கி அடிப்பக்கத்தைத் தேயுங்கள். சில மாடல்களில் ரப்பரைக் கையால் இழுத்தால் தனியாகவே வந்துவிடும். அப்படியானால் வேலை சுலபம். வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்துக் கழுவலாம். ரப்பருக்கும் சிங்க்குக்கும் நடுவில் உள்ள ஸ்டீல் கழுத்தையும் விடாதீர்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் அழுக்கு எங்கே என்று தெரியும்.

அடுத்தது உள்ளே. ஒரு பெரிய கிண்ணம் ஐஸ் கட்டி, ஒரு கைப்பிடி கல் உப்பு. இரண்டையும் போட்டு, பச்சைத் தண்ணீர் குழாயைத் திறந்து, கரகர சத்தம் அடங்கும்வரை ஓட்டுங்கள். ஐஸ் துண்டுகள் எல்லாப் பக்கமும் மோதி ஒட்டியிருப்பதைச் சுரண்டிவிடும். ஐஸ் கத்தியைத் தீட்டும் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இல்லாத கத்தியை எப்படித் தீட்டும்? உப்பு ஸ்டீலில் தங்கினால் புள்ளி விழும், அதனால் நன்றாக அலசிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைத்தான் யாரும் செய்வதில்லை. சிங்க் வாயை மூடி, பாதி சிங்க் அளவுக்குத் தண்ணீர் பிடித்து, அதில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலக்குங்கள். கிரைண்டரைப் போட்டுவிட்டு மூடியை எடுங்கள். குழாய்த் தண்ணீர் அடியில் மட்டும்தான் ஓடும். இப்படி மொத்தமாக இறங்கும் தண்ணீர் உள்ளறை முழுவதும் நிரம்பி, மேல் சுவரையும் ரப்பர் அடியையும் கழுவிக்கொண்டு போகும். வாரம் ஒருமுறை இதைச் செய்தாலே பெரிய சுத்தம் அடிக்கடி தேவைப்படாது.

எலுமிச்சைத் தோல்? சோடா உப்பும் வினிகரும்?

எலுமிச்சைத் தோலைச் சின்னதாக நறுக்கிப் போடலாம், தப்பில்லை. சுத்தம் செய்த பிறகு போட்டால் நல்ல மணம். சுத்தம் செய்யாமல் போட்டால் இரண்டு மணி நேரம் எலுமிச்சை வாசம், அப்புறம் பழைய நாற்றம்.

சோடா உப்பில் வினிகரை ஊற்றினால் பொங்கும்போது ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல இருக்கும். ஒன்று காரம், மற்றது அமிலம். இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கொஞ்சம் உப்புநீரும் காற்றும்தான். அந்த நுரை தளர்ந்த அழுக்கைக் கொஞ்சம் கிளப்பிவிடும், அவ்வளவே. சோடா உப்பைத் தனியாகத் தூவி, பிரஷ் போட்டுத் தேய்ப்பது அதைவிட நல்லது. புளிப்பு வாடையை அது தணிக்கவும் செய்யும்.

நம் ஊர் நீலகிரித் தைலம் நாலு சொட்டு விடலாமா?

வேண்டாம். ஊட்டிக் கடைத்தெருவில் பாட்டில் பாட்டிலாகக் கிடைப்பதால் எதற்கும் தைலம் என்ற பழக்கம் நமக்கு உண்டு. அது நாற்றத்தை மறைக்குமே தவிர எடுக்காது. தைலம் ரப்பரை இளக்கி உப்ப வைக்கவும் கூடும். மூடி உப்பினால் இதழ்கள் சரியாக மூடாது, தெறிப்பு வெளியே வரும். தைலத்தைத் தரை துடைக்கும் தண்ணீரில் விடுங்கள்.

பிளீச்சிங் பவுடர், ஆசிட் போட்டால் ஒரேயடியாகப் போய்விடாதா?

பிளீச்சிங் பவுடரும் கழிவறை கழுவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பிளீச்சோடு வினிகர் சேர்ந்தாலும் அப்படித்தான். கீழே ஊர்களில் ஜன்னல் திறந்திருக்கும். இங்கே குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் அடைத்துவைத்திருக்கிறோம். அடைத்த சின்னச் சமையலறையில் அந்த வாயு நுரையீரலைப் புண்ணாக்கும், உயிரையும் எடுக்கலாம். வீட்டு வேலை செய்யும் அக்காவிடமும் காவலுக்கு இருக்கும் அண்ணனிடமும் இதைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். முதலில் மாட்டிக்கொள்வது அவர்கள்தான்.

அடைப்பு எடுக்க விற்கும் காஸ்டிக் சோடா வகைகளும் கிரைண்டருக்கு ஆகாது. உள்ளேயே தேங்கி நின்றுவிட்டு, மோட்டார் போட்டதும் முகத்தில் தெறிக்கும். செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் இன்னொரு காரணமும் உண்டு. டேங்க்கில் கழிவைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குளிரில் ஏற்கெனவே மெதுவாகத்தான் வேலை செய்கின்றன. அவற்றையும் கொன்றுவிட்டால் பிறகு முற்றம் முழுக்க நாறும்.

கோயம்புத்தூர் வீட்டிலும் இதே கிரைண்டர்தான். அங்கே நாறவில்லை, இங்கே ஏன்?

எண்ணெய்தான் காரணம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். நெய்யும் வனஸ்பதியும் அதைவிட அதிகச் சூட்டிலேயே கட்டியாகிவிடும். ஊட்டியில் ஏப்ரல், மே மாதத்தில்கூட 25 டிகிரியைத் தாண்டும் நாட்கள் குறைவு. டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படிகிறது. அந்தக் குளிரில் சிங்க்கை விட்டு இறங்கும் நெய் வெளிச்சுவர்க் குழாயைத் தொட்டதும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அரைத்த கேரட், கோஸ் துணுக்குகள் ஒட்டும். அதன்மேல் மறுபடி எண்ணெய். கோயம்புத்தூரில் வழிந்து ஓடிவிடுவது இங்கே அடுக்கடுக்காகப் படிகிறது. அந்தப் படிவுக்குள் காற்றே புகாது. காற்றில்லாத இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள்தான் முட்டை வாடையைக் கிளப்புகின்றன.

மலையில் சிங்க் நாற்றத்தைப் பற்றி ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்: எண்ணெய்ப் பாத்திரத்தைக் கழுவுமுன் துடையுங்கள். பழைய செய்தித்தாள், டிஷ்யூ, இட்லித் துணியின் கிழிசல் எதுவானாலும் சரி. பிரியாணிச் சட்டி, தாளித்த கரண்டி, நெய் ரோஸ்ட் தட்டு எல்லாவற்றையும் ஒரு துடைப்பு. வடைச்சட்டி எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றவே வேண்டாம். ஆறவிட்டு டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

அப்படியானால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் எண்ணெய் உருகிவிடுமே?

உருகும், பிறகு நாலடி தள்ளி மறுபடி உறையும். கைக்கு எட்டும் இடத்திலிருந்த அடைப்பை எட்டாத இடத்துக்கு நகர்த்தியதுதான் மிச்சம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்றாலும் பிவிசி குழாய்க்கு அதுவும் அதிகம். 60 டிகிரிக்கு மேல் அது இளகத் தொடங்கும், இணைப்புகள் விட்டுவிடும்.

கிரைண்டர் ஓடும்போது எப்போதும் பச்சைத் தண்ணீர்தான். கொழுப்பு கட்டியாக இருந்தால்தான் துண்டு துண்டாக உடைந்து தண்ணீரோடு போகும். அரைத்து முடிந்து சத்தம் மாறிய பிறகும் கால் நிமிடம் தண்ணீர் ஓடட்டும். கழுவுவதற்கு வெந்நீர் வேண்டுமானால் கை பொறுக்கும் சூட்டில், சோப்போடு சேர்த்து ஊற்றுங்கள். சோப்பு இருந்தால்தான் கொழுப்பு திரும்ப ஒட்டாது.

கிரைண்டரில் எதையெல்லாம் போடக்கூடாது?

நார் உள்ள எதையும்: வாழைத்தண்டு, வாழைப்பூ மடல், முருங்கைக்காய்ச் சக்கை, சோளத்தோகை, கீரைத்தண்டு, தேங்காய் நார். சுழலும் தகட்டில் சுற்றிக்கொண்டு அங்கேயே அழுகும். வெங்காயச் சருகும் மலைப்பூண்டுத் தோலும் லேசாக இருப்பதால் அரைபடாமல் நழுவி, குழாய் வளைவில் ஒட்டிக்கொள்ளும். சோறு ஊறி உப்பும். உருளைக்கிழங்குத் தோல் அரைபட்டால் மாவுப் பசை. ஊட்டி உருளை மூட்டையாக வாங்கிச் சமைக்கும் ஹோம்ஸ்டேக்களில் குழாய் அடைவதற்கு இது முக்கியக் காரணம்.

தேயிலைச் சக்கையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தேயிலை விளையும் ஊரில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை டீ போடுகிறோம்! அந்தச் சக்கையும் காபிப் பொடிச் சக்கையும் மணல் மாதிரி குழாயின் அடியில் படிந்துவிடும், எண்ணெய் அதைக் கட்டியாக்கும். சக்கையை ரோஜாச் செடிக்கும் கம்போஸ்ட்டுக்கும் கொடுங்கள். எலும்பு, மீன் முள், முட்டை ஓடு எதுவும் வேண்டாம்.

மோட்டார் "உம்ம்" என்று முனகுகிறது, சுற்றவில்லை. உள்ளே இருப்பது நாறத் தொடங்கிவிட்டது.

உடனே அணையுங்கள். முனகவிட்டால் மோட்டார் சூடேறிக் கெடும். பிளக்கைப் பிடுங்கிய பின் கிரைண்டரின் அடியில் நடுவில் ஓர் அறுகோணத் துளை தெரியும். கூடவே வந்த ஆலன் கீயை அதில் நுழைத்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் திருப்புங்கள், சிக்கியது விடும். இடுக்கியால் எடுத்துவிட்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு, அடியில் உள்ள சிவப்புப் பொத்தானை அழுத்துங்கள். பிறகு தண்ணீரைத் திறந்து ஓட்டலாம்.

மழைக்காலத்தில் மின்சாரம் போய்விட்டால் உள்ளே போட்டது அப்படியே ஊறிக் கிடக்கும். காற்றும் மழையுமாக இருக்கும் நாட்களில் கிரைண்டரில் எதையும் சேர்த்துவைக்காமல் வாளிக்கு மாறிவிடுவது நல்லது. வோல்டேஜ் மங்கலாக இருக்கும்போதும் ஓட்டாதீர்கள்.

கொடைக்கானல் வீட்டை லீவுக்கு மட்டும் திறக்கிறோம். கதவைத் திறந்ததும் சாக்கடை நாற்றம்.

சிங்க்குக்குக் கீழே குழாய் வளைந்து போகிறதல்லவா, அந்த வளைவில் எப்போதும் இரண்டு அங்குலம் போலத் தண்ணீர் நிற்கும். சாக்கடைக் காற்றை வீட்டுக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். வீடு பூட்டிக் கிடந்தால் அது காய்ந்துவிடும், மழையில்லாத பிப்ரவரி, மார்ச்சில் இன்னும் சீக்கிரம். குளியலறையிலும் தரையிலும் உள்ள ஜாலிகளுக்கு அடியிலும் இதே கதைதான்.

வந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு, ஒவ்வொரு வாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். கிளம்பும்போது கிரைண்டரைச் சோப்புத் தண்ணீரில் ஓட்டி, ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்து, வாயை மூடிவிட்டுப் போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னால் அடுத்த முறை இந்தக் கேள்வியே எழாது.

எங்கள் வீட்டில் கிரைண்டரே இல்லை. சாதா சிங்க்தான், ஆனாலும் நாறுகிறது.

கீழே குனிந்து குழாயைப் பாருங்கள். வரிவரியாக மடிப்புள்ள வெள்ளை ஹோஸ் ஒன்று வந்து, தரையிலோ சுவரிலோ உள்ள ஓட்டையில் சும்மா செருகியிருக்கும். அந்த ஹோஸுக்கும் ஓட்டைக்கும் நடுவில் உள்ள இடைவெளி வழியாகத்தான் நாற்றம் வருகிறது, கரப்பானும் வருகிறது. ஹார்டுவேர் கடையில் அதற்கென்று ரப்பர் வளையம் கிடைக்கும். செருகி இறுக்கிவிட்டால் முடிந்தது. ஹோஸின் மடிப்புகளில் எண்ணெய் தங்குவதால் அதை மாற்றி, உள்ளே வழவழப்பான குழாயும் பாட்டில் ட்ராப்பும் (வளைவுக்குப் பதிலாகத் தண்ணீர் நிற்கும் கிண்ணம் உள்ள இணைப்பு) போடச் சொல்லுங்கள். பாட்டில் ட்ராப்பின் அடிக்கிண்ணத்தைக் கையால் திருகிக் கழற்றிக் கழுவலாம். கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு திருகுங்கள்.

மாலையில், மூடுபனி இறங்கும்போது மட்டும் நாற்றம் வருகிறதே?

செப்டிக் டேங்க்கின் காற்றுக்குழாயைப் பாருங்கள். குழாய் கூரைக்கு மேல் போகாமல் சமையலறை ஜன்னல் உயரத்தில் நின்றிருக்கும். பகலில் வெயில்பட்டு காற்று மேலே ஏறுவதால் தெரியாது. சாயங்காலம் குளிர்ந்த காற்று சரிவில் கீழ்நோக்கி இறங்கும்போது மேல்வீட்டு டேங்க் வாடைகூட உங்கள் வீட்டுக்குள் வரும். குழாயைக் கூரைக்கு மேலே நீட்டி வலை கட்டுங்கள். மேல்வீட்டுக்காரரிடமும் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள்.

சிங்க்குக்குக் கீழ் உள்ள அலமாரி பூஞ்சணம் பிடித்து நாறுகிறது.

எங்கோ சொட்டுகிறது. அலமாரித் தரையில் செய்தித்தாளை விரித்து ஒரு நாள் விட்டால் ஈரம் விழும் இடம் தெரியும். கிரைண்டர் சிங்க்கோடு சேரும் கழுத்தில் வாஷர் தளர்ந்திருப்பது சகஜம், ஓடும்போது அதிர்வதால். சொட்டை நிறுத்தி, கதவைத் திறந்து காயவிடுங்கள். உப்பிப்போன பிளைவுட் திரும்பாது, அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

மகன் அமெரிக்காவிலிருந்து கிரைண்டர் வாங்கி வந்திருக்கிறான். மாட்டலாமா?

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. மோட்டார் வேகம் குறைந்து சூடேறும். இங்கே விற்கும் மாடலை வாங்குங்கள்.

உண்மையைச் சொல்லுங்கள், மலையில் வேஸ்ட் கிரைண்டர் தேவையா?

என் கருத்து, பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. செப்டிக் டேங்க் உள்ள வீட்டில் அரைத்த காய்கறி முழுவதும் டேங்க்கில் போய்ப் படியும். சீக்கிரம் நிரம்பும், அடிக்கடி லாரி கூப்பிட வேண்டும். டேங்க்கும் இல்லாமல் ஓடைக்கு விட்டிருந்தால் இன்னும் மோசம். ஊட்டி ஏரிக்குப் போகும் கோடப்பமந்து கால்வாயைப் பார்த்தவர்களுக்கு வீட்டுக் கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியும். கோடையில் குடிநீருக்கே குடத்தோடு நிற்கும் ஊர்களில், ஒவ்வொரு முறை அரைக்கவும் ஐந்தாறு லிட்டர் நல்ல தண்ணீரைத் திறந்துவிடுவதும் மனசுக்கு ஒப்பவில்லை.

பாதாளச் சாக்கடை இணைப்பு இருந்து, வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்து, கம்போஸ்ட் கிளறிப் பார்க்க ஆளில்லை என்றால் கிரைண்டர் உதவும். அவர்களை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

கம்போஸ்ட் வாளியும் நாறுகிறதே? கரடி வந்துவிடும் என்று பயமாகவும் இருக்கிறது.

பயம் நியாயமானது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரடி கதவை உடைத்து எண்ணெயும் மாவும் தின்றுவிட்டுப் போன செய்தி அடிக்கடி வருகிறது. காட்டுப்பன்றியும் குரங்கும் சொல்லவே வேண்டாம். காட்டெருமை வருகிறதே என்று காய்கறித் தோலை வேலியோரம் கொட்டுபவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒருமுறை ருசி கண்டால் அது வீட்டு வாசலுக்கு வரப் பழகிவிடும். அதன்பின் ஆபத்து நமக்கும் உண்டு, அதற்கும் உண்டு.

வாளி நாறுவதற்குக் காரணம் ஈரம். ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை போடுங்கள். சில்வர் ஓக் சருகு இங்கே எங்கும் கிடக்கிறது, மழைக்கு முன்பே ஒரு சாக்கு சேர்த்துவைத்துக்கொள்ளலாம். கழிவைப் பொடியாக நறுக்கிப் போட்டால் குளிரிலும் சீக்கிரம் மக்கும். இறைச்சி, மீன், எண்ணெய் பட்ட சோறு எதையும் சேர்க்காதீர்கள், கரடியை இழுப்பது அவைதான். அந்த மிச்சத்தை மூடிபோட்ட டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைத்து, குப்பை வண்டி வரும் காலையில் நேரே கையில் கொடுங்கள். வாளியை இரவில் வராந்தாவில் விடாமல், இறுக்கமான மூடியோடு கதவுள்ள ஷெட்டில் வையுங்கள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. யாரைக் கூப்பிடுவது?

சிங்க்கில் தண்ணீர் மெதுவாக இறங்கி, குளியலறை ஜாலியில் "களக் களக்" என்று சத்தம் வந்தால் அடைப்பு பொதுக்குழாயில் இருக்கிறது, பிளம்பர் வர வேண்டும். முதலில் வெளியே உள்ள சேம்பர் (கழிவுக் குழாய்கள் வந்து சேரும் சின்னத் தொட்டி) மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அங்கே வெள்ளையாகக் கொழுப்பு மிதந்தால் உள்ளே எதையும் உடைக்காமல் அங்கிருந்தே குழாயைக் குத்தி எடுக்கலாம். செப்டிக் டேங்க் மூடியை மட்டும் நீங்களும் திறக்காதீர்கள், கூலிக்கு ஆள் பிடித்தும் உள்ளே இறக்காதீர்கள். அந்த வாயுவில் ஒரு மூச்சே ஆளைச் சாய்த்துவிடும். டேங்க் வேலைக்கு உறிஞ்சும் லாரியைக் கூப்பிடுங்கள்.